இருவர் கைச் சுக்கான்

இல்லறத்தில் இணைந்த இருவர் சேர்ந்து ஆற்றும் கடமைகள் எம்மிடையே பல. சேர்ந்து காணும் கனவுகளோ மிகச் சில. வீடு கட்டுதல், பிள்ளைகளைப் படிப்பித்தல், பெண்ணுக்குச் சீதனம் தேடுதல், பட்ட கடனை அடைத்தல் என்று முப்பது ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. பிள்ளைகள் தத்தம் வழியிற் சென்ற பின்னர், விறாந்தையில் ஒருவரும் குசினியில் ஒருவருமாகப் பேசப் பொருளின்றி வாழும் தம்பதியர் எத்தனை பேரை நாம் அறிவோம்! இளமையிலே பொதுவான கனவு ஒன்றாவது இவர்களுக்கு இருந்திருப்பின், முதுமை இத்துணை வெறுமையாயிராது என்பது எனது எண்ணம்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்வோரிடையே அத்தகைய கனவொன்று நெடுங்காலமாக உண்டு. சிறிய படகொன்றை வாங்கி, கணவனும் மனைவியுமாகத் தாமே அதைச் செலுத்தி, கரையோரத் தீவுகளுக்கூடாக வடக்கே அலாஸ்காவின் பனிக்கட்டியாறுகள் வரை சென்று மீள்வதே அது. உட்கடல் வழி என்று தமிழில் அழைக்கத்தக்க அப்பாதையை, ஒரு காலத்தில் என்னோடு யாழ்ப்பாணத்தில் ஆசிரியராயிருந்து பின்பு கனடாவிற் குடியேறிய நண்பர் ஒருவரும் அவர் துணைவியாரும் சென்ற கோடையில் முடித்து வந்திருக்கின்றனர். இருபது ஆண்டுகளாக அவர்கள் எண்ணியிருந்த பயணம் இது.

செய்தி இங்கு எட்டியபோது எங்கள் வாசகர் வட்டத்திற் பலவகைப் பேச்சு எழுந்தது. அறுபத்தைந்து வயதிலே காசிக்கோ இராமேசுவரத்துக்கோ போகாமல் இது என்ன கூத்து என்றார் ஒருவர். பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்றார் மற்றொருவர். மனைவியையும் உடனழைத்துச் சென்ற நண்பரின் பெருந்தன்மையைப் பாராட்டினார் மூன்றாமவர். முன்னைய இரு கூற்றுக்களிலும் பார்க்க, இந்த மூன்றாவது பாராட்டே என்னை எழுதத் தூண்டிற்று. அழைத்துச் சென்றார் என்ற சொல்லிலேயே பிழை இருக்கின்றது. அந்த நீரில் ஒருவரை ஒருவர் அழைத்துச் செல்ல இயலாது. ஏன் இயலாது என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

உலகப் படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு அப்பாதையின் அமைப்பு விளங்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பியூஜெற் குடாவிலிருந்து, கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாக் கரை வழியாக, அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதி வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நீளத்துக்குத் தீவுகள் நெருங்கிக் கிடக்கின்றன. பண்டைக்காலப் பனிக்கட்டியாறுகள் குடைந்துவிட்ட ஆழமான பள்ளங்களிற் கடல் புகுந்தமையால் உண்டான நிலத்தோற்றம் அது. மேற்கே தீவுகள்; கிழக்கே மலைகள்; இடையே ஆறுபோல் நீளும் உப்புநீர்ப் பாதைகள். பசுபிக் பெருங்கடலின் அலையைத் தீவுகள் தாங்கிக்கொள்ள, சிறு படகுகள் உட்புறமாகச் செல்லக்கூடும்.

எனினும் இந்தக் காப்பு முழுமையானதன்று. வான்கூவர் தீவின் வடமுனையைக் கடந்ததும் குயீன் சார்லட் சவுண்ட் என்னும் திறந்த நீர்ப்பரப்பு எதிர்ப்படும். அதனருகே நீண்டு நிற்கும் நிலமுனைக்கு, 1792 முதல் 1794 வரை அக்கரையை அளந்து படம் வரைந்த ஜோர்ஜ் வான்கூவர் இட்ட பெயரே எச்சரிக்கை முனை என்று பொருள்படும். இன்னும் வடக்கே, கனடாவும் அலாஸ்காவும் சந்திக்குமிடத்தில், டிக்சன் நுழைவாய் என்ற மற்றொரு திறப்பு உண்டு. இவ்விடங்களிற் காற்று அடங்கும் வரை, ஒரு நாளாயினும் ஐந்து நாளாயினும், துறையிற் காத்திருப்பதே அறிவு. சோளகம் பெயரும் வரை தோணியைக் கரையேற்றிக் காத்திருந்த எமது கடலோடிகளுக்கு இது புதிய பாடமன்று.

எமது கரையில் வளர்ந்தோர்க்குப் புதிதாயிருப்பது அங்குள்ள வற்றும் பெருக்கும். யாழ்ப்பாணக் கடலில் இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றரையும் எட்டுவதில்லை. கனடாவின் வடமேற்குக் கரையிலுள்ள பிரின்ஸ் ரூப்பேட் துறைமுகத்திலோ, பெருவற்று நாட்களில் நீர்மட்டம் 7 மீற்றர் வரை ஏறி இறங்குகின்றது. இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குக் கடல் ஏறி, ஆறு மணி நேரத்தில் மீண்டும் இறங்கிவிடுகிறதென்று எண்ணிப் பாருங்கள். மாலையில் 10 மீற்றர் ஆழத்தில் நங்கூரமிட்டவர், நள்ளிரவில் அது 16 மீற்றராகும் என்பதைக் கணக்கிட்டுச் சங்கிலியை அதன் பலமடங்கு நீளத்துக்கு விடல்வேண்டும். அளவுக்கு மிஞ்சி விட்டால் படகு வீசிச் சுழன்று பாறையில் மோதும். குறைத்து விட்டால் நங்கூரம் பெயர்ந்துவிடும். பள்ளிக்கூடத்திற் கற்பிக்கும் கூட்டற் கணக்குத்தான். பிழைத்தால் மட்டும் தண்டனை வேறு.

இவ்வளவு நீர் குறுகிய இடுக்குகளுக்கூடாக உள்ளே சென்று வெளியே வரவேண்டியிருப்பதால், அங்கு பிறக்கும் நீரோட்டம் அச்சந் தருவது. வான்கூவர் தீவை ஒட்டியுள்ள சேமூர் நீரிடுக்கில் அதன் வேகம் மணிக்கு 15 கடல்மைல் வரை செல்லும். சாதாரணப் பயணப் படகின் இயந்திரம் அதில் பாதி வேகத்துக்கும் போதாது. முற்காலத்தில் அவ்விடுக்கின் நடுவிலே, நீருக்குச் சற்றுக் கீழே, ரிப்பிள் பாறை என்ற இரட்டைக் கொடுமுடி மறைந்து நின்று பல கப்பல்களை உடைத்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கடலுக்கு அடியிற் சுரங்கம் தோண்டி, 1,200 தொன்னுக்கு மேற்பட்ட வெடிமருந்தை நிரப்பி, 1958 ஏப்பிரல் 5ஆந் திகதி அதனைத் தகர்த்தார்கள். பாறை போயிற்று, நீரோட்டம் போகவில்லை. இன்றும் வற்று முடிந்து பெருக்குத் தொடங்குமுன் நீர் தயங்கி நிற்கும் அச்சில நிமிடங்களைப் பார்த்திருந்தே சிறு படகுகள் அவ்விடத்தைக் கடக்கின்றன.

இனி, எனது கருத்துக்கு அடிப்படையான செய்திக்கு வருகிறேன். அந்த நீர் கோடையிலும் பல இடங்களில் 10 பாகை செல்சியசை ஒட்டிய குளிருடையது. குளிர்நீரில் விழுந்தோர் பற்றிக் கனடாவிற் படகோட்டிகளுக்குக் கற்பிக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்பதே அது. முதல் ஒரு நிமிடம் மூச்சு அடங்காது திணறும். அடுத்த பத்து நிமிடம் வரையே கைகால்கள் சொன்னபடி கேட்கும்; பின்னர் கயிற்றைப் பற்றவும் விரல் மடங்காது. மிதப்பங்கி அணிந்திருப்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். ஆகவே, தளத்திலிருந்து தண்டையல் தவறி விழுந்தால், படகில் எஞ்சியிருப்பவருக்குக் கிடைப்பது பத்து நிமிடமே. அந்தப் பத்து நிமிடத்துள் இயந்திரத்தை அடக்கி, படகைத் திருப்பி, காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து, விழுந்தவரை நெருங்கி, தூக்கியெடுக்க வேண்டும். உதவி கோரி வானொலியிற் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சியிருப்பவர் தேநீர் வைக்க மட்டும் அறிந்த மனைவியாயிருப்பின், கணவர் அவள் கண்முன்னே மாள்வார். அதன்பின் ஓட்டத் தெரியாத படகில் அவளும் தனித்திருப்பாள்.

மனைவியைப் பயணியாக ஏற்றிச் செல்வது அன்பின் அடையாளம் என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். இருவர் மட்டுமே செல்லும் படகிற் பயணி என்று ஒருவர் இருக்க முடியாது.

இக்கூற்றுக்கு அந்தக் கரையின் வரலாற்றிலேயே சான்றுகள் உள. ஜக் கல்வினும் அவர் மனைவி சாஷாவும் தம் மணவாழ்வின் தொடக்கத்திலே, 1929இல், 17 அடி நீளமான தோணியொன்றில் டக்கோமாவிலிருந்து அலாஸ்காவின் ஜூனோ நகர் வரை துடுப்பு வலித்துச் சென்றனர். ஒரு நாய்க்குட்டியும் உடன் சென்றது. அப்பயணக் கட்டுரை 1933இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையில் வெளிவந்தது. சாஷாவின் தந்தையார் ஜூனோவிலே வாழ்ந்த உருசியத் திருச்சபைக் குருவானவர். பெண்ணின் பிறந்தகம் நோக்கி மாப்பிள்ளை துடுப்பு வலித்த பயணம் அது என்று கூறினால், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிபுகும் வழக்கமுடைய எமது ஊரார் புன்முறுவல் செய்வர். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1932இல், கிராம்பஸ் என்னும் இயந்திரப் படகில் இருவரும் அதே வழியே மீண்டும் சென்றனர். அம்முறை உடன் சென்றோருள் கடலுயிர் ஆய்வாளர் எட் றிக்கெற்சும், பின்னாளிற் புராணவியல் அறிஞராகப் புகழ்பெற்ற ஜோசப் கம்பெலும் இருந்தனர். இருவர் வலிக்கும் தோணியில் துடுப்பும் இரண்டு. ஒருவர் கையை மடித்துக்கொண்டிருந்தால் தோணி நேரே செல்லாது. இல்லறத்துக்கு உவமை தேடும் எம் பேச்சாளர்கள் வண்டியையும் இரு மாடுகளையும் விட்டு இதனை எடுத்தாளலாம்.

மற்றைய சான்று துயரம் கலந்தது. கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்த எம். வைலி பிளான்செற் என்னும் பெண்மணி, ஐந்து பிள்ளைகளோடு கப்ரீஸ் என்ற 25 அடிப் படகிலே கோடைதோறும் அதே நீரிற் பயணஞ் செய்தார். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும் அவரே; கடற்படத்தைப் பார்த்து வழி காண்பதும் அவரே; பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதும் அவரே. அவ்வனுபவங்களை அவர் எழுதிய நூல், காலத்தின் வளைவு என்ற பொருள்படும் தலைப்புடன் 1961இல் வெளிவந்து, இன்றளவும் அக்கரையில் விரும்பிப் படிக்கப்படுகின்றது. சுக்கான் பிடிக்க அறிந்திருந்தமையாலேயே, இருவராய்க் கண்டிருக்கக்கூடிய கனவு ஒருவர் மறைந்த பின்னும் மூழ்காது நின்றது. கைம்மை என்பதை இருண்ட அறையாக எண்ணிப் பழகிய எம் சமுதாயம் படிக்கவேண்டிய வாழ்க்கை இது.

என் நண்பரின் துணைவியார் இவற்றை அறிந்தே பயணத்துக்கு இசைந்தார். முதலில் இது நண்பரின் கனவாக இருந்ததேயன்றி அவருடையதாக இருக்கவில்லை. வற்புறுத்தலின் பேரில் வரமாட்டேன் என்றும், கற்றுக்கொள்ள விட்டால் வருவேன் என்றும் அவர் கூறினாராம். கனடாவில் இயந்திரப் படகைச் செலுத்துவோர் தகுதிச் சான்று வைத்திருத்தல் வேண்டும் என்ற விதி 2009 முதல் எல்லா வயதினர்க்கும் உரியது. அச்சான்றையும் கடல் வானொலியைக் கையாளும் சான்றையும் இருவரும் தனித்தனியே பெற்றனர். ஐம்பத்தெட்டு வயதில் அவர் நீந்தப் பழகினார். பழைய படகொன்றை வாங்கிய பின் இரண்டு கோடைகள் அருகிலுள்ள தீவுகளோடு நின்றனர். படகின் நாட்குறிப்பை ஒரு நாள் அவரும் மறுநாள் இவருமாக எழுதினர். அதன் சில பக்கங்களை எனக்கும் அனுப்பியிருந்தனர். நண்பரின் பக்கங்களிற் காற்றின் திசையும் எரிபொருட் கணக்கும் நிரம்பியிருக்கின்றன. துணைவியாரின் பக்கங்களில், நிலைகுத்தாய் மிதந்து தலைமட்டும் காட்டும் வெட்டுமரங்களைத் தூரத்தே கண்டு ஒதுங்கிய விதமும், மூடுபனிக்குள்ளே மற்றொரு படகின் ஒலியைச் செவியால் அளந்த விதமும் உள்ளன. இரண்டும் சேர்ந்தாலே அப்பயணம் முழுமையாகின்றது. எமது பயண நூல்கள் பலவற்றில் உடன் சென்ற மனைவி முதல் அத்தியாயத்தில் வழியனுப்பப்பட்டு, இறுதி அத்தியாயத்திலேதான் மீண்டும் தோன்றுகிறாள். அவளுடைய கையெழுத்திலும் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று எழுத்தாள நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.

பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்ற கண்டனத்தில் உண்மை இல்லையென்று நான் வாதிட வரவில்லை. படகுக்குப் பணம் வேண்டும்; எரிபொருளுக்கும் வேண்டும்; கோடை முழுவதும் உழைப்பின்றி இருக்கும் ஓய்வும் வேண்டும். ஆனால் பணம் மட்டும் போதுமாயின், பல்லாயிரம் பேரை ஏற்றிச் செல்லும் உல்லாசக் கப்பலில் இருக்கை பெற்று, சாய்கதிரையில் அமர்ந்தபடியே அதே மலைகளைப் பார்த்து வரலாம். அங்கே கடல் ஒரு காட்சி. சிறு படகில் அது ஆசிரியர். வற்று வரும்போது காத்திரு என்கிறது. பெருக்கு வரும்போது புறப்படு என்கிறது. கணக்கிற் பிழைவிட்டவனைத் திருப்பி அனுப்புகிறது. அறுபத்தைந்து வயதில் மாணவராய் அமரத் துணிந்த இருவரை, வாழ்நாளெல்லாம் பிறரை மாணவராய் அமர்த்திய நாம் எள்ளி நகையாடுதல் தகுமா? யாத்திரை செல்வோர் தேடுவதும் இந்த அடக்கத்தைத்தானே!

காலம் தாழ்த்தலின் அபாயத்தையும் அவ்வழியே கற்பிக்கின்றது. பயணத்தின் முடிவில் இருப்பது அலாஸ்காவின் பனிக்கட்டியாற்று விரிகுடா. 1794இல் வான்கூவரின் மாலுமிகள் அங்கு சென்றபோது வாய்ப்புறத்தையே பனிக்கட்டிச் சுவர் அடைத்து நின்றது. 1879இல் ஜோன் மியூர், கிளிங்கிற் இனத்தவர் செலுத்திய தோணியில் அங்கு சென்றபோது, அந்தச் சுவர் 30 மைலுக்கு மேல் உட்புறம் பின்வாங்கியிருந்தது. அதற்கும் முன்னர், பனிக்கட்டி முன்னேறி வந்த காலத்தில், அங்கு குடியிருந்த கிளிங்கிற் மக்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்களின் பொதுமனை அவ்விரிகுடாக் கரையில் மீண்டும் எழுந்தது 2016இலேதான். இன்று அது தேசிய பூங்கா. கோடை மாதங்களில் நாளொன்றுக்கு 25 தனியார் படகுகளுக்கே அனுமதி. இருபது ஆண்டுகள் கனவு கண்டிருப்போர் இருபது ஆண்டுகளுக்கு முன்னிருந்த பனியைக் காணப்போவதில்லை. தம் முழங்காலும் கண்பார்வையும் முன்போல் இருக்கப்போவதில்லை. பிள்ளைகளின் காரியம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லும் தம்பதியருள், அந்தப் பிறகு வரும்போது இருவரும் இருப்பர் என்பதற்கு யார் பிணை? பயணத்தைத் தள்ளிப்போடலாம், அதற்கான படிப்பைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

அலாஸ்கா எங்கே, அராலி எங்கே என்று வாசகர் கேட்கக்கூடும். கடலாற் சூழப்பட்ட நாட்டிலே வாழும் எமக்கு இந்த விடயம் தொலைவானதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேசவேண்டியதே. அக்கப்பலைச் செலுத்தியோர் யாவரும் ஆடவர். அவர்கள் திரும்பும் நாளை எண்ணிக் கரையில் நின்ற பெண்களுக்குக் கடலைப் பார்க்கத் தெரிந்திருந்தது. அதில் நீந்த யாரும் கற்பிக்கவில்லை. அதன் விலையை 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நாம் செலுத்தினோம். கடற்கோளில் மாண்டோருள் ஆடவரினும் பெண்களே மிகுதியாயிருந்த ஊர்கள் பல. நீச்சல் அறியாமையும், ஏறி ஓட இடங்கொடாத உடையும், பிள்ளைகளை விட்டு அகலாத தாய்மையும் அதற்குக் காரணங்களாக எடுத்துரைக்கப்பட்டன. தாய்மையை மாற்ற வேண்டியதில்லை. உடையை அவரவர் பார்த்துக்கொள்வர். நீச்சலைக் கற்பிக்கும் பொறுப்பு எம்முடையது.

கடற்கரைக் கிராமத்துப் பாடசாலைகளில் ஆண்பிள்ளைகள் பழகாமலே நீந்துகின்றனர். பெண்பிள்ளைகள் பருவம் எய்தியதும் கரையிலிருந்தே விலக்கப்படுகின்றனர். அவர்களுக்கு நீச்சலும், வள்ளத்தின் இயந்திரத்தை இயக்கி நிறுத்தும் பயிற்சியும் கிடைக்க ஆசிரியர்களும் பெற்றோரும் வழிசெய்தல் வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கு அவர்களை அனுப்பும்படி நான் கேட்கவில்லை. கடலோரத்தில் வாழும் ஓர் உயிருக்குக் கடலோடு பேசத் தெரிந்திருக்கட்டும் என்கிறேன். இன்று நீந்தக் கற்ற பெண்ணும் இன்று அவளுக்கு இடம்விடக் கற்ற ஆணும் நாளை இல்லறத்தில் இணையும்போது, தமக்கென்று கனவொன்று காணும் துணிவு அவர்களுக்கு இயல்பாகவே வரும். அது அலாஸ்காவுக்குச் செல்லும் கனவாய் இருக்கவேண்டியதில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வரை தம் சொந்த வள்ளத்திற் செல்வதாயினும் போதும். சுக்கானை இருவரும் மாறி மாறிப் பிடித்துச் செல்லட்டும்.